வெள்ளொளியைப் பிரித்த நியூற்றனும் நாடிழந்த சாட்சிகளும்

ஐசாக் நியூற்றன் என்ற பெயரைக் கேட்டதும் பள்ளிப் பிள்ளைகளின் நினைவில் எழுவது மரத்திலிருந்து விழுந்த அப்பிள் பழமே. புவியீர்ப்பைக் கண்டவர் என்றே உலகம் அவரைப் பெரிதும் அறியும். ஆனால் அவர் தம் பெயரில் அறிஞர் உலகின் முன் முதன்முதலாக வைத்த ஆய்வுக் கட்டுரை புவியீர்ப்பைப் பற்றியது அன்று; ஒளியைப் பற்றியது. சூரியனிலிருந்து வரும் வெள்ளொளி தனிப்பொருள் அன்று, பல நிறங்களின் கூட்டு என்பதே அக்கட்டுரையின் சாரம்.

இன்று கீழ்வகுப்பு மாணவரும் ஐயமின்றிச் சொல்லும் இவ்வுண்மையின் வாசலில் நியூற்றன் நின்றபோது அவருக்கு வயது 23. பாரிஸ் நகரம் அவருடைய ஒளி நூலைத் தன் மொழியில் அச்சிட்டு ஏற்றுக்கொண்டபோது அவருக்கு வயது 80ஐ நெருங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன? ஒருவர் இருட்டறையில் தனித்துக் கண்ட உண்மையை ஊரறியச் செய்தவர்கள் யார்? நியூற்றனின் வாழ்க்கையை நாம் இங்கே இந்தக் கேள்விகளின் வழியாகக் காணப்போகிறோம். அந்தச் சாட்சிகளுட் பலர் பிறந்த நாட்டில் வாழ முடியாமல் வெளியேறியவர்கள். ஆகையால் இக்கதை நமக்கு அயலானது அன்று.

தந்தையைக் காணாத பிள்ளை

இங்கிலாந்தின் லிங்கன்சயர் மாவட்டத்தில் வூல்ஸ்தோர்ப் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஒரு கமக்காரர் வீட்டில், அந்நாளில் இங்கிலாந்து கைக்கொண்டிருந்த பழைய நாட்காட்டியின்படி 1642ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி நியூற்றன் பிறந்தார். தந்தையார் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்னரே இறந்துபோனார். தம் பெயரையும் எழுத அறியாதவர் அவர். நாடோ மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்தது.

பிள்ளைக்கு மூன்று வயதானபோது தாயார் ஹன்னா வயது முதிர்ந்த மதகுரு ஒருவரை மறுமணம் செய்து அயலூருக்குச் சென்றார். பிள்ளை தாய்வழிப் பாட்டியிடம் விடப்பட்டது. அந்தப் பிரிவின் காயம் ஆறவில்லை. 19 வயதில் தாம் செய்த பாவங்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் பட்டியலிட்ட நியூற்றன், தாயையும் மாற்றாந்தந்தையையும் வீட்டோடு எரித்துவிடுவதாக மிரட்டியதையும் அதில் எழுதி வைத்தார். எவரையும் எளிதில் நம்பாத இயல்பும், தம்மை மறுத்துரைப்பவரைப் பகைவராகக் கொள்ளும் சுபாவமும் அவரிடம் இறுதிவரை இருந்தன. ஒளியின் கதையில் இந்தச் சுபாவத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

1653இல் மாற்றாந்தந்தை இறக்க, தாயார் மூன்று சிறு பிள்ளைகளுடன் திரும்பி வந்தார். கிரந்தம் நகரப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகனை நிறுத்திக் கமத்தைப் பார்க்கும்படி பணித்தார். மகனுக்கோ ஆடு மாடுகளில் மனம் செல்லவில்லை. தாய்மாமனும் பள்ளித் தலைமையாசிரியரும் எடுத்துச் சொன்னதன் பேரில் மீண்டும் படிப்பு வாய்த்தது. 1661இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செல்வர் வீட்டு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பணிவிடை செய்து படிப்புச் செலவைக் குறைத்துக்கொள்ளும் மாணவர் வகுப்பிலேயே அவர் சேர்க்கப்பட்டார்.

கொள்ளைநோயும் இருட்டறையும்

1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் தாக்கியது. அந்த ஓராண்டில் அந்நகரில் மட்டும் பதிவான மரணங்கள் 68,000க்கு மேல். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. அப்பொழுதுதான் பட்டம் பெற்றிருந்த நியூற்றன் வூல்ஸ்தோர்ப்புக்குத் திரும்பினார். இடையில் சில மாதங்கள் கல்லூரிக்குச் சென்றதைத் தவிர, 1667 வசந்தகாலம் வரை ஊரிலேயே தங்கினார்.

நிறங்களைப் பற்றிய எண்ணம் அதற்கு முன்னரே அவரை ஆட்கொண்டிருந்தது. நிறம் கண்ணில் பிறக்கிறதா, ஒளியில் பிறக்கிறதா என்று அறிவதற்காக மழுங்கிய ஊசி ஒன்றைத் தம் கண்ணுக்கும் எலும்புக்கும் இடையில் செலுத்தி அழுத்திப் பார்த்தார். கண்ணாடியிற் தெறித்த சூரியனை உற்றுநோக்கிப் பல நாட்கள் இருட்டறையில் அடைந்து கிடந்தார். நல்வினையாகப் பார்வை தப்பியது. இப்படிப்பட்ட சோதனைகளை எவரும் செய்தல் ஆகாது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அக்காலத்து அறிஞரின் கொள்கை வேறு. வெள்ளொளியே தூயது, எளியது, மாசற்றது. அது இருளோடு கலக்கும்போதோ, கண்ணாடியையும் நீரையும் ஊடுருவும்போதோ மாற்றமடைந்து நிறமாகிறது என்று அரிஸ்ரோட்டில் காலந்தொட்டு நம்பி வந்தனர். அதாவது நிறம் என்பது வெள்ளைக்கு நேர்ந்த ஒரு கறை. அரியம் எனப்படும் முக்கோணக் கண்ணாடித் துண்டு வானவில்லின் நிறங்களைக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சந்தைகளில் அது ஒரு விளையாட்டுப் பொருள். கண்ணாடிதான் ஒளிக்குச் சாயம் ஏற்றுகிறது என்பது பொதுவான எண்ணம்.

1666இன் தொடக்கத்தில் அத்தகைய அரியம் ஒன்றைப் பெற்றதாக நியூற்றன் பின்னாளில் எழுதியுள்ளார். அவர் அறையை இருட்டாக்கினார். யன்னற் பலகையில் கால் அங்குல விட்டமுள்ள ஒரு துளை இட்டார். துளை வழியே வந்த சூரியக் கதிரை அரியத்தினூடாகச் செலுத்தி 22 அடி தொலைவிலுள்ள சுவரில் விழச் செய்தார். நிறங்கள் அழகாகத் தோன்றின. மற்றவர்கள் அந்த அழகில் நின்றுவிட்டனர். நியூற்றன் அளவுகோலை எடுத்தார்.

சூரியன் வட்டமானது, துளையும் வட்டமானது. அரியத்தை அவர் நிறுத்திய நிலையில், அன்று அறியப்பட்ட முறிவு விதியின்படி சுவரில் விழும் உருவமும் வட்டமாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் அது 13¼ அங்குல நீளமும் 2⅝ அங்குல அகலமும் கொண்டு, ஏறத்தாழ ஐந்து மடங்கு நீண்டு கிடந்தது. இந்த நீட்சி எங்கிருந்து வந்தது? கண்ணாடியின் தடிப்பாலா? துளையின் அளவாலா? கண்ணாடியின் குறையாலா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். நீட்சி மாறவில்லை. இரண்டாவது அரியம் ஒன்றை முதலாவதற்குத் தலைகீழாக வைத்தபோது, நிறங்கள் மறைந்து உருவம் வட்டமாகவும் வெண்மையாகவும் மீண்டது. கண்ணாடி சாயம் ஏற்றுவதாயின் இரண்டாவது கண்ணாடி மேலும் சாயமல்லவா ஏற்றியிருக்க வேண்டும்?

தீர்ப்புச் சொன்ன சோதனை

அடுத்து அவர் செய்த சோதனையே வழக்கைத் தீர்த்தது. அரியத்திலிருந்து விரிந்து வந்த நிறங்களின் எதிரே துளையிட்ட பலகையை வைத்து, ஒரு நிறத்தை மட்டும் அப்பால் செல்லவிட்டார். சில அடி தூரத்தில் துளையிட்ட இன்னொரு பலகை. அதன் பின்னால் இரண்டாவது அரியம். இரு பலகைகளும் அசையாது நின்றபடியால், எந்த நிறம் வந்தாலும் இரண்டாவது அரியத்தின் மீது ஒரே கோணத்திலேயே விழுந்தது. சிவப்பை அனுப்பினார், அது குறைவாக வளைந்து சிவப்பாகவே வெளியேறியது. நீலத்தை அனுப்பினார், அது கூடுதலாக வளைந்து நீலமாகவே வெளியேறியது.

முடிவு தெளிவாயிற்று. நிறங்கள் கண்ணாடியில் உண்டாகவில்லை. ஒளியினுள்ளே முன்னரே இருந்தன. ஒவ்வொரு நிறமும் தனக்குரிய அளவில் முறிவடைகிறது. அரியம் செய்வது அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பது மட்டுமே. பிரிந்த நிறங்களை ஒரு வில்லையால் மீண்டும் குவித்தால் வெள்ளை திரும்ப வருகிறது. வெள்ளை என்பது தூய்மையின் நிறமன்று, கூட்டத்தின் நிறம். இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கை இதனால் தலைகீழாயிற்று.

பொருள்களின் நிறத்துக்கும் இதிலிருந்தே விளக்கம் கிடைத்தது. சிவப்புத் துணி சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது, மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. நிறமாலையில் தெளிவான எல்லைக்கோடுகள் இல்லை. நியூற்றன் முதலில் ஐந்து நிறங்களையே எண்ணினார். இசையின் ஏழு சுரங்களோடு ஒப்பிட்டுச் செம்மஞ்சளையும் கருநீலத்தையும் பின்னர் சேர்த்துக்கொண்டார். ஏழு என்ற கணக்கு அப்படி வந்தது.

நிறங்கள் வெவ்வேறளவில் வளைவதன் காரணத்தை நியூற்றன் அறிந்திருக்கவில்லை. ஒளி நுண்ணிய துகள்களால் ஆனது என்றே அவர் எண்ணினார். ஒளிக்கு அலை இயல்பு உண்டு என்பது 19ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டப்பட்டது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் குறைகிறது. அலைநீளம் கூடிய சிவப்பு சற்றுக் குறைவாகத் தாமதிக்கிறது. அலைநீளம் குறைந்த ஊதா கூடுதலாகத் தாமதிக்கிறது. தாமதம் எவ்வளவோ வளைவும் அவ்வளவு. சாதாரணக் கண்ணாடியின் முறிவுக் குணகம் சிவப்புக்கு ஏறத்தாழ 1.51, ஊதாவுக்கு ஏறத்தாழ 1.53. இச்சிறு வேறுபாடே சுவரில் நிறமாலையை விரிக்கிறது. மழைத்துளியினுள்ளும் இதுவே நிகழ்கிறது.

உலகின் முன் வைத்த கட்டுரை

கல்லூரிக்குத் திரும்பிய நியூற்றன் 1669இல், 26 வயதில், கணிதப் பேராசிரியரானார். வில்லைகளின் ஓரத்தில் நிறக்கரை தோன்றுவதற்கு ஒளியின் இந்த இயல்பே காரணம் என்று கண்டு, வில்லைக்குப் பதிலாகக் குழியாடி பொருத்திய தொலைக்காட்டி ஒன்றைத் தம் கையாலேயே செய்தார். ஏறத்தாழ ஆறு அங்குல நீளமே கொண்ட அது, பொருள்களை 40 மடங்கு வரை பெருப்பித்துக் காட்டியது. 1671இன் இறுதியில் அத்தகைய ஒன்று இலண்டன் அரச கழகத்தைச் சென்றடைந்தது. அங்கிருந்தோர் வியந்து, அடுத்த மாதமே அவரை உறுப்பினராக்கினர்.

அரச கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க், ஜேர்மனியின் பிறேமன் நகரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். பிற நாட்டு அறிஞரோடு ஓயாது கடிதம் எழுதியமையால், 1667இல் ஒல்லாந்தரோடு போர் நடந்தபோது சந்தேகத்தின் பேரில் இலண்டன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டவரும் அவரே. 1672 பெப்ரவரியில் நியூற்றன் ஒளியைப் பற்றிய தம் கண்டுபிடிப்பை அவருக்கே கடிதமாக எழுதினார். அம்மாதமே அது கழகத்தின் இதழில் அச்சேறியது.

பாராட்டோடு எதிர்ப்பும் கிளம்பியது. கழகத்தின் சோதனைப் பொறுப்பாளரான றொபேட் ஹூக், சோதனைகளை ஒப்புக்கொண்டு விளக்கத்தை மறுத்தார். பாரிசிலிருந்து பார்தீ என்னும் யேசு சபைத் துறவி தம் ஐயங்களைப் பணிவோடு கேட்டு, விடை கிடைத்ததும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

நீண்ட சச்சரவு லியேஜ் நகரிலிருந்து வந்தது. இன்று பெல்ஜியத்தில் உள்ள அந்நகரில் ஆங்கிலேயக் கத்தோலிக்கத் துறவிகள் ஒரு கல்லூரி நடத்தி வந்தனர். சொந்த நாட்டில் அவர்களுடைய மதத்துக்கு இடமில்லாதபடியால் கடல் கடந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுள் முதியவரான பிரான்சிஸ் லைன், நீண்ட உருவம் மேகத்தின் ஒளியால் உண்டானது என்று வாதிட்டார். அது தவறான வாதம். அவர் 1675இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அரச கழகம் சோதனையைத் தன் முன்னிலையில் செய்வித்து நியூற்றன் சொன்னதே சரி எனக் கண்டது.

லைனுக்குப் பின் அதே கல்லூரியிலிருந்து அந்தோனி லூக்கஸ் என்பவர் எழுதினார். இவர் சோதனையை ஒழுங்காகச் செய்தவர். நீண்ட உருவத்தைக் கண்டதாகவும் ஒப்புக்கொண்டார். ஆனால் நீளம் அகலத்தின் ஐந்து மடங்கு இல்லை, மூன்று முதல் மூன்றரை மடங்குதான் என்று தாம் அளந்ததைச் சொன்னார். வேறு சில சோதனைகளையும் தம் மறுப்புகளையும் அதனோடு சேர்த்து அனுப்பினார்.

நியூற்றன் அந்த அளவை நம்பவில்லை. லூக்கஸ் பிழையாக அளந்திருக்க வேண்டும் என்றே கொண்டார். கடிதங்கள் கடுமையாயின. 1678இல் இனி இதுபற்றி எழுத வேண்டாம் என்று கதவை அடைத்தார். கண்ணாடியின் வகைக்கேற்ப நிறங்கள் விரியும் அளவும் வேறுபடும் என்பதை இன்று நாம் அறிவோம். லூக்கசின் கையில் இருந்தது வேறு வகைக் கண்ணாடியாக இருந்திருப்பின் அவர் கண்டது உண்மையே. தாம் நம்பப்படவில்லையே என்று வெதும்பிய நியூற்றன், இன்னொருவர் கண்ணால் கண்டதை நம்ப மறுத்த இடம் இது. இதன் பயனைப் பின்னர் காண்போம்.

1681இல் மற்றோர் அடி விழுந்தது. பிரான்சின் தேர்ந்த பரிசோதகரான எட்ம் மரியோட், தனித்தெடுத்த ஊதாக் கதிர் இரண்டாவது அரியத்தின் பின் வேறு நிறங்களையும் காட்டியது என்று எழுதினார். நிறங்களை முற்றாகப் பிரிக்காமலே அவர் இரண்டாவது அரியத்துக்கு அனுப்பியிருந்தார். ஆனால் அதை எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. நியூற்றனின் 1672ஆம் ஆண்டுக் கட்டுரை மிகச் சுருக்கமானது. எந்த அரியத்தைத் தெரிவு செய்வது, எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பனவெல்லாம் அதில் போதிய அளவு இல்லை. அந்நாளைய அரியங்களோ குமிழியும் கீறலும் உடையவை. செய்து பார்த்தவர் தோற்றார். தோற்றவர் நம்ப மறுத்தார். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வழக்கு அப்படியே உறங்கியது.

நியூற்றன் ஒதுங்கினார். 1687இல் புவியீர்ப்பு பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1696இல் இலண்டன் நாணயசாலைப் பொறுப்பை ஏற்றுக் கேம்பிறிட்ஜை விட்டு நீங்கினார். ஹூக் 1703இல் இறந்தார். அதே ஆண்டு நியூற்றன் அரச கழகத்தின் தலைவரானார். ஒளி பற்றிய முழு நூலையும் மறு ஆண்டு, 1704இல், ஆங்கிலத்தில் வெளியிட்டார். முதற் கட்டுரைக்கு 32 ஆண்டுகளின் பின் அந்நூல் வந்தது.

அடைக்கலம் புகுந்தவர்கள்

இங்கே நாம் பிரான்சின் பக்கம் திரும்ப வேண்டும். அந்நாட்டுப் புரட்டஸ்தாந்துக்களான ஊகெனோக்களுக்கு 1598இல் நாந்து நகரக் கட்டளை ஓரளவு மதவுரிமை அளித்திருந்தது. 1685 ஒக்டோபரில் மன்னர் பதினான்காம் லூயி அதை நீக்கினார். கோயில்களை இடிக்கும்படியும், மதம் மாறாத போதகர்கள் இரண்டு வாரங்களுக்குள் நாட்டை விட்டு வெளியேறும்படியும் ஆணை பிறந்தது. பொதுமக்கள் வெளியேறுவதோ தடை செய்யப்பட்டது. தப்பியோடிப் பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களில் அடிமை வேலைக்கு அனுப்பப்பட்டனர். அப்படியிருந்தும் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் இரவோடிரவாக எல்லை கடந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 50,000 பேர் இங்கிலாந்தை அடைந்தனர். இன்று நம் கடதாசிகளில் எழுதப்படும் 'ரெஃபியூஜி' என்ற சொல், அடைக்கலம் புகுந்தவர் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாக, இவர்களைக் குறித்தே ஆங்கில மொழிக்குள் முதன்முதலில் நுழைந்தது.

அப்படி வந்தவர்களுள் ஒருவர் ஏபிரகாம் டி மோய்வர். 1667இல் பிறந்தவர். 1680களின் இறுதியில் இலண்டனுக்கு வந்து, வீடு வீடாகச் சென்று கணிதம் கற்பித்துப் பிழைத்தார். நியூற்றனின் பெருநூலை ஆறியிருந்து படிக்க நேரமின்றி, தாள்களைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு நடக்கும் வழியில் படித்தார் என்பர். நியூற்றனின் நெருங்கிய நண்பரானார். 1706இல் ஒளி நூலின் இலத்தீன் பதிப்பு வெளிவரத் துணை நின்றவர் அவர். பிற நாட்டு அறிஞர்கள் அந்நூலை வாசிக்க முடிந்தது அதன் பின்னரே.

இரண்டாமவர் ஜோன் தியோபிலஸ் டெசாகுலியே. 1683இல் பிரான்சின் லா றொஷேல் நகரை அடுத்துப் பிறந்தவர். தந்தையார் மதத்தின் பொருட்டு வெளியேற்றப்பட்ட போதகர். கைக்குழந்தையைப் பீப்பாய்க்குள் மறைத்துக் கப்பலேற்றினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. தந்தை இலண்டனில் சிறு பள்ளி நடத்தி மகனுக்குத் தாமே கல்வி புகட்டினார். மகன் ஒக்ஸ்போர்ட் சென்று பட்டம் பெற்றுத் திரும்பி, இலண்டனில் பொதுமக்களுக்குக் கருவிகளோடு விஞ்ஞான விரிவுரை நிகழ்த்தினார். ஆங்கிலம், பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளிலும் அவரால் விளக்க முடிந்தது. நியூற்றன் அவரை அழைத்து அரச கழகத்தின் சோதனைகளை ஒப்படைத்தார்.

1714இல் டெசாகுலியே நியூற்றனின் நிறச் சோதனைகளைக் கழகத்தின் முன்னிலையில் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். நிறங்களை எவ்வாறு முற்றாகப் பிரித்தெடுப்பது, மரியோட் எங்கே வழுவினார் என்பவற்றைப் பார்த்தவர் உணரும்படி விளக்கினார். 1715இல் இலண்டனுக்கு வந்த பிரெஞ்சு அறிஞர்கள் அச்சோதனைகளைத் தம் கண்ணால் கண்டு திரும்பினர். செய்முறை முழுவதையும் 1716இல் அவர் அச்சில் தந்தார். அதன்பின் எவரும் தம் வீட்டு யன்னலில் துளையிட்டு அதையே செய்து பார்க்கலாம் என்றாயிற்று.

மூன்றாமவர் பியர் கோஸ்த். அவரும் தெற்குப் பிரான்சிலிருந்து வெளியேறிய ஊகெனோ. ஒளி நூலை அவர் பிரெஞ்சில் பெயர்த்தார். அது 1720இல் அம்ஸ்ரர்டாமிலும், 1722இல் பாரிசிலும் வெளிவந்தது. எந்த நாடு இவர்களைத் துரத்தியதோ அந்த நாட்டின் தலைநகரம், இவர்கள் செய்து காட்டியதையும் பெயர்த்துத் தந்ததையும் வாசித்து வெள்ளொளியின் உண்மையை ஏற்றது. இரு நாட்டுப் பேச்சும் அறிந்தவர்கள் இவர்கள். அகதிகளாக வந்த நிலைமையே இவர்களைப் பாலமாக்கியது எனலாம்.

நெசவாளியின் திருத்தம்

நியூற்றன் 1727 மார்ச் மாதத்தில், 84 வயதில் மறைந்தார். இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள அவருடைய நினைவுச் சின்னத்தில், தொலைக்காட்டியும் அரியமும் கொண்டு விளையாடும் சிறுவர்கள் செதுக்கப்பட்டிருப்பதை இலண்டன் வாழ் வாசகர்கள் இன்றும் காணலாம்.

ஆனால் ஒளியின் கதை அங்கே முடியவில்லை. வில்லை பொருத்திய தொலைக்காட்டியில் நிறக்கரையை நீக்கவே முடியாது என்று நியூற்றன் முடிவு கட்டியிருந்தார். எல்லாக் கண்ணாடியும் நிறங்களை ஒரே விகிதத்தில் விரிக்கும் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. அவர் சொல்லிவிட்டார் என்பதனால் பலர் முயன்றும் பார்க்கவில்லை. 1730களில் ஆங்கிலேயச் சட்டவாதி செஸ்ரர் மூர் ஹோல் இரு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து நிறக்கரையற்ற வில்லை ஒன்றைச் செய்வித்தார். ஆயினும் அதை வெளியே பரப்பவில்லை.

அதை உலகறியச் செய்தவர் ஜோன் டொலண்ட். 1706இல் இலண்டன் ஸ்பிற்றல்ஃபீல்ட்சில், ஊகெனோ அகதிக் குடும்பத்தைச் சேர்ந்த பட்டு நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1752 வரை தாமும் தறியில் இருந்து பட்டு நெய்தவர். ஓய்வு வேளைகளில் கணிதமும் ஒளியியலும் கற்றார். இரு வகைக் கண்ணாடிகள் நிறங்களை வெவ்வேறளவில் விரிப்பதைச் சோதனையால் கண்டார். ஒன்று விரித்ததை மற்றது மடக்கும்படி இரண்டையும் இணைத்து 1758இல் நிறக்கரையற்ற வில்லையை வெளியிட்டார். அரச கழகம் அவ்வாண்டே தன் கொப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. கமராவிலும் தொலைக்காட்டியிலும் இன்று தெளிந்த படம் விழுவது இந்த வழியில் வந்ததே.

இப்பொழுது லியேஜ் நகரத்து லூக்கசை நினைத்துப் பார்ப்போம். மூன்றரை மடங்கு என்று அவர் அளந்து சொன்ன அந்த எண்ணைப் பொறுமையோடு ஆராய்ந்திருந்தால், கண்ணாடிக்குக் கண்ணாடி விரிவு வேறுபடும் என்பது 80 ஆண்டுகளுக்கு முன்னரே வெளிப்பட்டிருக்கலாம். அவர் வேறு பல இடங்களில் தவறினார் என்பது மெய். ஆனால் ஒருவர் சிலவற்றில் தவறினார் என்பதற்காக அவர் கண்டது முழுவதும் பொய்யாகிவிடாது. நாடு விட்டு நாடு வந்து, தம் கதையை அந்நியர் முன் சொல்லி, ஒரு திகதி பிசகியதற்காக முழுவதும் மறுக்கப்பட்ட அனுபவம் நம்மவர் பலருக்கு உண்டு. அவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

டி மோய்வர் வாழ்நாள் முழுவதும் முயன்றும் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. முதுமையிலும் மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தும், கோப்பிக் கடையில் அமர்ந்து வந்தவரின் கணக்குகளைத் தீர்த்துக் கொடுத்துமே அவர் வாழ்ந்தார். தம் முதுமையில் கணித ஐயம் கேட்டு வந்தவர்களை நியூற்றன் அவரிடமே அனுப்பினார் என்று சொல்வர். 1754இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பாரிஸ் விஞ்ஞான அக்கடமி அவரைத் தன் வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தது. பிறந்த நாடு அவரை வெளிநாட்டவர் என்ற பெயரிலேயே மீண்டும் அழைத்தது. அப்போது அவருக்கு வயது 87.

நியூற்றனின் பெருமை இவற்றால் குறையாது. எல்லோரும் கண்டு மகிழ்ந்த நிறங்களை அளந்து பார்த்தவர் அவர் ஒருவரே. எனினும் அவருடைய உண்மை நிலைபெற்றது அவருடைய பெயரால் அன்று. நல்ல கண்ணாடியைத் தெரிந்தெடுத்து, அறையை இருட்டாக்கி, ஐயுற்றவரை அருகில் அழைத்துக் காட்டியவர்களின் உழைப்பால் அது நிலைபெற்றது. ஒரு கண்ணாடித் துண்டும் சிறிது வெயிலும் கிடைத்தால், நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று அந்தச் சாட்சிகளுள் சேரலாம். அந்நிய நாட்டின் குளிர்காலத்தில் வெயில் வரும் நாள் அரிது. வரும் நாளில் யன்னல் திரையை இழுத்து, ஒரு சிறு இடைவெளி மட்டும் விட்டு, அவர்களுக்கு அதைக் காட்டிக் கொடுப்போம்.